தம்பியோடு எட்டு நாள்: வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து வரை

அக்டோபர் 11, 2020, ஞாயிறு. வெலிங்டன்

இன்று மாலை நானும் தம்பியும் 30,000 பேருக்கு மேல் நிறைந்த மைதானத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ரக்பி பார்த்தோம். நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட்டம். இந்த ஊர்க்காரர்கள் 'கேக் டின்' என்று சொல்லும் வட்டமான மைதானம். மாஸ்க் இல்லை, இடைவெளி விட்ட நாற்காலிகள் இல்லை, பக்கத்தில் இருந்த பெரியவர் கத்திய கத்தலில் அவருடைய எச்சில் என் கையில் தெறித்தது. ஏழு மாதம் முன்பு, கொரோனா பரவத் தொடங்கியபோது, அப்படி ஒன்று நடந்திருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன். 80 நிமிடம் முடிந்தும் ஆட்டம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 16-16 சமமாக முடிந்தது. யாருக்கும் திருப்தி இல்லை. எனக்கு மட்டும் அழுகை வந்தது, அது ஆட்டத்துக்காக அல்ல.

நுழைவாயிலில் எல்லோரும் போனை எடுத்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்தோம். அரசாங்கத்தின் டிரேசர் செயலி அது. நாம் எங்கெல்லாம் போனோம் என்று நம்முடைய போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு இங்கே 'டைரி' என்றே பெயர். ஆகஸ்ட் 19 முதல் ஒவ்வொரு கடையும் அந்தச் சுவரொட்டியை வாசலில் ஒட்டியாக வேண்டும். தம்பி ஒரு இடத்தையும் விடுவதில்லை.

தம்பி ஆக்லாந்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறான். இங்கே வந்து ஒரு பழைய கார் வாங்கினான், அதை ஆக்லாந்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். "நீயும் வா அக்கா, நேர் ரோட்டில் போகாமல் சுற்றிப் போகலாம்" என்றான். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன். தினமும் ராத்திரி எழுதி இங்கே போட முயல்கிறேன். போகிற வழியெல்லாம் தேர்தல். 17ஆம் தேதி வாக்குப்பதிவு, அன்று ஆக்லாந்தில் இருப்போம்.

அக்டோபர் 12, திங்கள். வெலிங்டன்

புறப்படுவதற்கு முன் நாடாளுமன்றப் பக்கம் நடந்தோம். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றோம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மதியம் 1 மணி என்றால் நாடே அதற்குள்ளிருந்து வரும் செய்திக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பிரதமர் ஜெசிண்டா ஆர்டன் ஒரு மேடையில், சுகாதாரத் துறை இயக்குநர் ஆஷ்லி ப்ளூம்ஃபீல்ட் இன்னொரு மேடையில், பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். இன்று எத்தனை பேருக்கு, எந்த ஊரில், எப்படிப் பரவியது, அவ்வளவுதான். ப்ளூம்ஃபீல்ட் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அவர் சொல்லும் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் முதல் கவளம்.

மார்ச் 25 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு லெவல் 4 வந்தது, நான்கு படிகளில் மிகக் கடுமையான கட்டுப்பாடு. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் 'பபிள்', அதற்கு வெளியே யாரையும் தொடக்கூடாது. நான் தனியாக இருந்தேன், ஆக என் பபிள் நான்தான். தெருக் குழந்தைகள் நடந்துபோகும்போது எண்ணுவதற்காக எல்லோரும் ஜன்னலில் கரடி பொம்மை வைத்தார்கள். என்னிடம் கரடி இல்லை, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை வைத்தேன். எதிர்வீட்டுச் சின்னப்பெண் தினமும் நின்று அதற்குத் தலையாட்டிவிட்டுப் போவாள். ஏப்ரல் 25, போர்வீரர் நினைவு நாள். விடியற்காலை 6 மணிக்கு அவரவர் வீட்டு வாசலில், தபால் பெட்டி பக்கத்தில், இருட்டில் நின்றோம். யாரோ ஒருவர் வீட்டு ரேடியோவில் எக்காளம் ஒலித்தது தெரு முழுக்கக் கேட்டது.

அரசியலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், இதை இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாடாளுமன்றம் மூடியது. ஆனால் மூடும்போதே ஒரு குழு அமைத்தார்கள், தொற்றுக்கால நடவடிக்கைகளை விசாரிக்கும் குழு. 11 உறுப்பினர். குழுவின் தலைவர் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் சைமன் பிரிட்ஜஸ், பெரும்பான்மையும் எதிர்க்கட்சிகளுக்கே. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் வீடியோவில் கூப்பிட்டு உட்காரவைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள், நாங்கள் வீட்டிலிருந்து பார்த்தோம். பரிசோதனை ஏன் குறைவு, செவிலியருக்குக் கவச உடை எங்கே, சின்னக் கடைகள் ஏன் திறக்கக்கூடாது. பல நாள் எனக்கு அந்தக் கேள்விகள் மேல் கோபம்கூட வந்தது, இப்போது போய் இப்படிக் குடைகிறார்களே என்று. இன்று நினைத்தால் அந்தக் குடைச்சல்தான் என்னை வீட்டுக்குள் நிம்மதியாக இருக்க வைத்தது. நான் கேட்க வேண்டியதை எனக்காக யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஆகஸ்ட் 19இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். லாக்டவுனின் முதல் ஒன்பது நாள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசாங்கம் சொன்னது தேவையானதுதான், ஆனால் அதைக் கட்டாயமாக்கும் சட்ட உத்தரவு அந்த நாட்களில் இல்லை, ஆகவே அந்த அளவில் அது சட்டத்துக்குப் புறம்பு. உயிரைக் காப்பாற்றிய நடவடிக்கையையும் சட்டப்படிதான் செய்ய வேண்டும் என்று ஒரு நீதிமன்றம், அதுவும் ஆக்லாந்து இரண்டாவது முறை மூடியிருந்த வாரத்தில், சொன்னது.

அக்டோபர் 13, செவ்வாய். நேப்பியர்

மழையில் நாலரை மணி நேரம் ஓட்டம். இன்று சுருக்கமாக.

ஹாக்ஸ் பே முழுக்க ஆப்பிள் தோட்டம். வனுவாட்டு, சமோவா, டோங்கா தீவுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள் மார்ச்சில் அறுவடையின் நடுவில் இருந்தார்கள். பழம் பறிப்பது அத்தியாவசிய வேலை என்று தொடர்ந்தது. வேலை முடிந்தது, ஊருக்குப் போக விமானம் இல்லை. பெட்ரோல் பங்கில் பார்த்த வனுவாட்டுக்காரர், தான் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, கைக்குழந்தையாக விட்டு வந்த மகன் நடக்கிறான் என்று போனில் காட்டினார். தம்பி வெகுநேரம் அவரோடு நின்று பேசினான்.

காரில் ஏறியதும் தம்பி தன் சம்பளக் கதையைச் சொன்னான், எனக்கே இன்றுதான் முழுதாகத் தெரியும். வேலை இல்லாத வாரங்களுக்கு அரசாங்கம் முழுநேர ஊழியர் ஒருவருக்கு வாரம் 585.80 டாலர் வீதம் 12 வாரத்துக்கு முதலாளியிடம் கொடுத்தது. விசாவில் இருக்கிறவர்களுக்கும் உண்டு. அவன் முதலாளி, "இன்னும் எதுவும் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆனால் எந்த நிறுவனம் எத்தனை பேருக்கு எவ்வளவு வாங்கியது என்பதை அரசாங்க இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். தம்பி தேடினான், இருந்தது. அதை அப்படியே படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் சம்பளம் வந்துவிட்டது.

அக்டோபர் 14, புதன். கிஸ்போர்ன்

நேப்பியரிலிருந்து 215 கிலோமீட்டர், மலைப்பாதை. வழியெல்லாம் வேலிகளில் வேட்பாளர் படங்கள், காற்றில் சாய்ந்தும் கிழிந்தும்.

நான் 5ஆம் தேதியே ஓட்டுப் போட்டுவிட்டேன். இந்த முறை 3ஆம் தேதியிலிருந்தே முன்கூட்டி வாக்களிக்கலாம், கூட்டம் சேராமல் இருக்கட்டும் என்று அரசே ஊக்குவிக்கிறது. வீட்டருகே சமுதாயக் கூடம், வாசலில் சானிடைசர், உங்கள் பேனாவையே கொண்டு வாருங்கள் என்று அறிவிப்பு. கட்சிக்கு ஒரு ஓட்டு, தொகுதிக்கு ஒரு ஓட்டு, அப்புறம் இரண்டு பொதுவாக்கெடுப்பு: கருணைக்கொலைச் சட்டம் வேண்டுமா, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா. நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, நிரந்தர வசிப்புரிமை மட்டும்தான். அது இருந்து ஒரு வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் ஓட்டு உண்டு. தம்பிக்கு வேலை விசா, ஓட்டு இல்லை. லாக்டவுனில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு செய்தவன் அவன்.

தேர்தல் முதலில் செப்டம்பர் 19 என்றுதான் இருந்தது. 102 நாள் சமூகப் பரவல் இல்லாமல் இருந்துவிட்டு ஆகஸ்ட் 11 இரவு ஆக்லாந்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு என்று செய்தி வந்தது. மறுநாள் மதியம் நகரம் மூடியது. பிரச்சாரம் செய்ய முடியாமல் தேர்தல் நடத்தினால் அது தேர்தலா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அரசாங்கத்தின் கூட்டணிக் கட்சியே கேட்டது. கருத்துக்கணிப்பில் பிரதமருக்கு நல்ல நேரம், நடத்தியிருந்தால் நஷ்டம் இல்லை. ஆனாலும் எல்லாக் கட்சித் தலைவர்களிடமும் பேசி, ஆகஸ்ட் 17இல் நான்கு வாரம் தள்ளி வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன். நாளைக்குப் போகிற பாதையை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மே முதல் வாரத்தில் கோவில்பட்டியில் அப்பா போய்விட்டார். இங்கே அப்போது லெவல் 3, ஒரு பிராந்தியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடாது. இந்தியாவுக்குப் போவது கிடக்கட்டும், 640 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தம்பியிடம் போக முடியாது. ஊரில் சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது. அவன் அறையில் அவனும் என் அறையில் நானும் வீடியோவில் பார்த்தோம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி கடைசிவரை வாயே திறக்கவில்லை, அவன் பக்கத்துப் படம் உறைந்துவிட்டதோ என்று இரண்டு முறை கேட்டேன்.

ஜூனில் எல்லாம் திறந்த பிறகு இரண்டு நாள் பார்த்துக்கொண்டோம். அப்போது பேச்சு வரவில்லை, அழவும் இல்லை. அப்புறம் ஆகஸ்ட்.

அக்டோபர் 15, வியாழன். டே காஹா

இந்தப் பதிவு நீளும்.

கிஸ்போர்னிலிருந்து 35ஆம் நெடுஞ்சாலை கிழக்கு முனையைச் சுற்றி ஓபோட்டிகி வரை போகிறது, 330 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, நடுவில் குதிரைகள் சாலையில் நிற்கின்றன. எதிரே வருகிற ஒவ்வொரு காரும் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாஓரி மக்களின் நாடு இது. ரௌகோகோரேயில் கடலை ஒட்டி ஒரு வெள்ளை தேவாலயம் தனியாக நிற்கிறது. அங்கே இறங்கி வெகுநேரம் இருந்தோம்.

இந்தச் சாலையை மார்ச்சில் மக்களே மூடினார்கள். டே ஃபானௌ-ஆ-அபானுயி என்ற இனக்குழுவின் எல்லை இது. நாடு லாக்டவுனுக்குப் போகும் சமயத்திலேயே அவர்கள் தங்கள் எல்லையின் இரு முனைகளிலும் சாவடி போட்டு, இங்கே வசிக்காதவர்கள் யாரும் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். டிவியில் அப்போது பெரிய வாக்குவாதம். பொதுச்சாலையை மறிக்க இவர்கள் யார், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று. எதிர்க்கட்சித் தலைவர்கூடக் கடுமையாகப் பேசினார். எனக்கும் அப்போது சந்தேகம்தான்.

தங்கின வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் ஆன்ட்டி என்கிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எழுபது வயது இருக்கும். சாவடியில் ராத்திரி முறை அவருடைய பேரப்பிள்ளைகள் நின்றார்கள், ஆன்ட்டி சூப் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். பதிலுக்குத் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். 1918 ஃப்ளூ. நாடு முழுக்க இரண்டே மாதத்தில் 9,000 பேர் அளவில் இறந்தார்கள், அதில் மாஓரி 2,500 பேர் வாக்கில். மக்கள்தொகையில் அவர்கள் சிறு பங்குதான், ஆனால் சாவு விகிதம் வெள்ளையரைவிடப் பல மடங்கு. பாட்டி அப்போது சிறுமி. பக்கத்து வீட்டில் அடுப்புப் புகை எழாத காலையில், ஆட்களை அனுப்பிப் பார்ப்பதற்குக்கூட நடக்கத் தெம்புள்ளவர் யாரும் இல்லையாம். "அன்றைக்கு எங்களுக்காக யாரும் சாலையை மூடவில்லை" என்றார் ஆன்ட்டி. "பெரிய ஆஸ்பத்திரி வாகத்தானேயில், இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். இங்கே பாதிப் பேர் கிழவர்கள். எங்கள் மொழி அவர்கள் வாயில்தான் இருக்கிறது, கண்ணு. அவர்கள் போனால் யாரிடம் போய்க் கேட்பேன்?"

எனக்குப் பதில் இல்லை. ஏப்ரலில் நான் பட்ட சந்தேகத்துக்கு வெட்கமாக இருந்தது. நாளாக ஆகக் காவல்துறையும் பல சாவடிகளில் அவர்களோடு சேர்ந்து நின்றது.

சாவடியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ராவிரி வைட்டிட்டி. இந்த முனைக்காரர், முகத்தில் பச்சை குத்தியவர், தலையில் தொப்பி. இப்போது மாஓரி கட்சி வேட்பாளராக வையாரிகி தொகுதியில் நிற்கிறார். 2017இல் நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாமல் போன கட்சி. இந்தச் சாலை ஓரமெல்லாம் அவர் படம்தான். ஆன்ட்டி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, வாசல் வேலியைப் பார்த்தால் போதும்.

மாஓரி வழக்கத்தில் மூக்கையும் நெற்றியையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சைப் பகிர்ந்து வரவேற்பார்கள். ஹொங்கி. மார்ச்சில் பல இனக்குழுக்கள் தாங்களாகவே அதற்குத் தடை போட்டன. அதைவிடப் பெரிய இழப்பு சாவு வீடு. அவர்களுடைய தங்கிஹங்கா பல நாள் நடக்கும், இறந்தவரைத் தனியாக விடவே மாட்டார்கள், பக்கத்திலேயே படுப்பார்கள். லெவல் 4இல் எதுவும் இல்லை, லெவல் 3இல் 10 பேர். மே மாதம் லெவல் 2 வந்து சினிமாக் கொட்டகை திறக்கலாம் என்றபோதும் சாவுக்கு 10 பேர்தான் என்று அரசாங்கம் அறிவித்தது. மாஓரித் தலைவர்கள், தேவாலயங்கள், எதிர்க்கட்சி எல்லோரும் கொதித்தார்கள். ஓரிரு நாளில் அரசாங்கம் இறங்கிவந்து 50 ஆக்கியது. அப்பா போன அதே இரண்டு வாரத்துக்குள் நடந்தது அது. 10, 20, 50 என்று அந்த எண்களைக் கேட்டபோது எனக்கு உடம்பு எப்படி நடுங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

இதை ஆன்ட்டியிடம் சொன்னேன், அப்பாவையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து முதலில் தம்பியின் தோளைப் பிடித்து மூக்கோடு மூக்கு வைத்தார். தம்பி உடைந்து அழுதான். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

அக்டோபர் 16, வெள்ளி. ரோட்டோருவா

ஊருக்குள் நுழையும்போதே கந்தக வாடை. வெந்நீர் ஊற்றுகளுக்கு வெளிநாட்டார் வந்து வந்து வளர்ந்த ஊர், இப்போது சுற்றுலாப் பேருந்தே கண்ணில் படவில்லை. மோட்டல்கள் பலவற்றில் 'இடமில்லை' பலகை. வீடற்ற குடும்பங்களை லாக்டவுனில் அரசாங்கம் அங்கே தங்கவைத்தது, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு ஹோட்டலைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே மாஸ்க் போட்டவர்கள் வட்டமாக நடக்கிறார்கள், வாசலில் ராணுவச் சீருடை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான 14 நாள் தனிமை முகாம். இப்படி 32 ஹோட்டல் ஐந்து நகரங்களில். சிலருக்குக் கட்டணமும் உண்டு, ஒரு பெரியவருக்கு 3,100 டாலர்.

நான் மேடைகளையும் குழுக்களையும் பாராட்டி எழுதினேன், இந்த வேலியையும் எழுதுகிறேன். மார்ச் 19 இரவிலிருந்து குடிமக்களும் நிரந்தரமாக வசிப்பவர்களும் தவிர அநேகமாக யாரும் உள்ளே வர முடியாது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார், கூப்பிட வழியில்லை. அதையாவது பொறுத்துக்கொள்வேன். ஆனால் இங்கே வருடக்கணக்கில் வரி கட்டி வாழ்ந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் கதவு மூடி, வேலையும் வாடகை வீடும் இங்கே கிடக்க வெளியே மாட்டிக்கொண்ட வேலை விசாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டும் இல்லை. இந்தத் தேர்தல் பிரச்சாரத்தில் அவர்களைப் பற்றி நான் கேட்டது மிகக் குறைவு. ஓட்டு இல்லாதவன் கேள்வியை யார் கேட்பது? தம்பி வேலியைப் பார்த்தபடி, "அம்மா இங்கே நடந்தால் ஒரு நாளைக்கு நூறு சுற்றுச் சுற்றுவார்" என்றான்.

அக்டோபர் 17, சனி. ஆக்லாந்து

இரவு 7 மணி தாண்டியதும்தான் இதைப் போடுகிறேன். தேர்தல் நாளன்று காலையிலிருந்து மாலை 7 வரை வாக்காளர் மனத்தை மாற்றக்கூடிய எதையும் வெளியிடக்கூடாது, எந்த மொழியில் எழுதினாலும்தான். நேற்று நள்ளிரவுக்குள் எல்லாப் பலகைகளையும் எடுத்துவிட வேண்டும். காலையில் வரும்போது சாலையோரம் பளிச்சென்று காலியாக இருந்தது. அவ்வளவு அமைதியான தேர்தல் நாளை நான் பார்த்ததில்லை. வாக்குச்சாவடிகளில் வரிசைகூடப் பெரிதாக இல்லை, 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முன்பே போட்டுவிட்டார்கள்.

தம்பி அறையில் டிவி. எண்ணிக்கை ஆரம்பித்த அரை மணியில் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 18, ஞாயிறு. ஆக்லாந்து

பிரதமரின் தொழிற்கட்சிக்கு 49 சதவீதம், 120இல் 64 இடம். கட்சிக்கும் தொகுதிக்கும் தனித்தனி ஓட்டுப் போடும் இந்த முறை 1996இல் வந்ததிலிருந்து எந்தக் கட்சியும் தனியாகப் பெரும்பான்மை பெற்றதில்லை. எதிர்க்கட்சியான தேசியக் கட்சி 35 இடத்துக்கு இறங்கியது. இறுதி எண்ணிக்கை இன்னும் வர வேண்டும். அப்பர் ஹார்பர் தொகுதியில் தொழிற்கட்சியின் வனுஷி வால்டர்ஸ் ஜெயித்திருக்கிறார், இலங்கையில் பிறந்தவர். அம்மாவிடம் போனில் முதலில் சொன்னது அதைத்தான்.

வையாரிகியில் ராவிரி வைட்டிட்டி 415 ஓட்டு முன்னிலை. நாடே ஒரு பக்கம் அடித்த அலையில் அந்த ஒரு தொகுதி எதிர்த்து நின்றது. ஆன்ட்டிக்கு போன் செய்தோம், பின்னால் ஒரே பாட்டுச் சத்தம், அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை.

இன்று ஈடன் பார்க்கில் மறுபடி ரக்பி, 27-7. மைதானம் நிறைந்திருந்தது. கப்பல்களில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சமூகத்தில் புதிதாகத் தொற்று என்ற செய்தியும் இன்றுதான். தம்பி உடனே செயலியைத் திறந்தான், எச்சரிக்கை ஏதும் வரவில்லை. நாளை காலை எனக்கு விமானம். அவன் கட்டிலில் உட்கார்ந்து இந்த வாரத்து டைரியை மேலிருந்து கீழே தள்ளிக் காட்டினான். கேக் டின், நேப்பியர் பெட்ரோல் பங்க், கிஸ்போர்ன் மீன் கடை, ரோட்டோருவா. சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். நடுவில் கியூஆர் கோடு இல்லாத ஓர் இடத்தை அவனே கையால் தட்டிச் சேர்த்திருந்தான்: வியாழன், மாலை 6.40, ஆன்ட்டி வீடு, அப்பாவைப் பற்றிப் பேசினோம்.